புழுதி பறக்காத தோட்டத்தில் ரேடார்

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் என் மைத்துனருக்குத் தென்னந்தோப்பு. கிணற்றிலிருந்து கீழ்த்தோப்புக்குப் போகும் பிளாஸ்டிக் குழாய் மண்ணுக்குள் எந்த வழியாக ஓடுகிறது என்பது, அதைப் புதைத்த அவருக்கே மறந்துவிட்டது. புதுத் தொட்டிக்குக் குழி வெட்ட மறுநாள் பொக்லைன் வருகிறது. அதன் பல் குழாயில் பட்டால் இந்த வெயிலில் கீழ்த்தோப்பு காய்ந்துவிடும். பீளமேட்டிலிருந்து, மண்ணுக்குள் புதைந்திருப்பதைத் திரையில் காட்டும் நிலத்தடி ரேடாரோடு ஒரு பெண் பொறியாளரை அழைத்து வந்தவன் நான். நான் படித்ததால் குடும்பத்துக்கு விளைந்த ஒரே நன்மை இதுதான் என்கிறார் மனைவி.

விருந்தாளி நடக்கும் இடத்தில் புழுதி பறக்கலாமா? மைத்துனர் விடியற்காலையிலேயே குழி வெட்டும் இடம் முழுக்கத் தண்ணீர் பாய்ச்சியிருந்தார். பொறியாளர் குனிந்து மண்ணைப் பிசைந்து பார்த்தார்.

"ஏனுங்க, தண்ணி உட்டீங்களா?"

"உங்களுக்காகத்தானுங்க அம்மணி."

"களிமண்ணு நனைஞ்சுட்டா ரேடாருக்கு ஆழத்துல ஒண்ணும் தெரியாதுங்க."

மைத்துனர் தலையைச் சொறிந்தார். பொறியாளர் சலித்துக்கொள்ளவில்லை. கிணற்றுக்கும் குழி வெட்டும் இடத்துக்கும் நடுவே, எங்கள் உபசாரத்துக்குத் தப்பிய கரட்டு மேடு ஒன்று காய்ந்து கிடந்தது. குழாய் அதைத் தாண்டித்தானே வந்தாக வேண்டும்?

மேட்டில் வேறு தொல்லை. ரேடார் பெட்டி கல்லில் ஏறித் துள்ளும்போதெல்லாம் திரையில் கோடுகள் நெளிந்தன. ஒவ்வொரு நெளிவையும் குழாய் என்று நான் அறிவித்தேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே சக்கரங்களைக் கழற்றினார். மேட்டின் குறுக்கே நேராகக் கயிறு கட்டி, அதன் ஓரமாக மேடுபள்ளத்தை அளந்து, பெட்டியைத் தரையோடு ஒட்டி இழுத்தார். அளந்த உயரங்களைக் கணினியில் சேர்த்ததும் என் குழாய்கள் எல்லாம் மறைந்தன. கவிழ்த்த கிண்ணம் போல ஒரே ஒரு வளைவு நின்றது; அதுதான் உண்மையான குழாய் என்றார். கயிற்றைத் தள்ளித் தள்ளிக் கட்டி இழுத்தபோதும் அது வந்தது. வந்த இடமெல்லாம் சுண்ணாம்பால் புள்ளி வைத்தார். புள்ளிகள் ஒரு பாறையைச் சுற்றி வளைந்து, குழி வெட்டவிருந்த இடத்தை நோக்கிப் போயின.

"நான் நேராத்தானுங்களே பொதைச்சேன்," என்றார் மைத்துனர்.

"பாறை உங்கள நேரா போக உட்டிருக்காதுங்க."

கடைசிப் புள்ளியில் மைத்துனரே மண்வெட்டியால் பதமாகக் கொத்தினார். முழங்கால் ஆழத்தில் சாம்பல் நிறக் குழாய் முதுகைக் காட்டியது. அப்போதுதான், இந்தப் பாறையைத் திட்டிக்கொண்டே குழாயை வளைத்த நாள் அவருக்கு நினைவுக்கு வந்தது.

குழியைத் தள்ளிக் குறித்தோம். மறுநாள் பொக்லைன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. கீழ்த்தோப்பில் தண்ணீர் நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. மைத்துனர் சுண்ணாம்புப் புள்ளிகளுக்குக் காவலாக நாள் முழுக்க வெயிலில் நின்றார். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்க யாரையும் விடவில்லை.