தூணருகே தொலையும் வடக்கு

சர்க்கரை வியாதி அம்மாவின் பார்வையைப் பறித்துக்கொண்டது. பாதங்களும் மரத்துப்போய், சுவரைத் தடவிக்கொண்டு பாத்ரூம் போனவள் ஒருநாள் விழுந்தாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். அவளைப் பார்த்துக்கொள்ள நான் எடுத்த விடுப்பு அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. இன்னும் ஒருநாள் நீட்டினாலும் வேலை இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அது போனால் இன்சுலினும் வாடகையும் எங்கிருந்து வரும்?

நான் ரோபோ செய்கிற இடத்தில் வேலை பார்ப்பவள். அஸ்தினாபுரம் வாடகை வீட்டில் அம்மாவின் வாக்கருக்குச் சக்கரமும் மோட்டாரும் எலக்ட்ரானிக் காம்பஸும் பொருத்தினேன். காம்பஸ் என்றால் நகத்தளவு சில்லு. வடக்கு எது என்று அது சொல்லும், அதை வைத்து வண்டி திரும்பும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டால் கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு மெதுவாகக் கூட்டிப்போகும். ஆனால் பக்கத்தில் இரும்பு இருந்தால் அந்தச் சனியனுக்குப் புத்தி பேதலித்துவிடும்.

பீரோவைத் தாண்டும்போதே தடுமாறியது. "கன்னி மூலையில இருக்கறதை நகர்த்தாதடி," என்று அம்மா கெஞ்சியும் கேட்காமல் ஆள் வைத்து நகர்த்தினேன். அப்படியும் பாத்ரூமுக்கு முன்னால் நிற்கும் தூணருகே வண்டி வாசல் பக்கம் திரும்பியது. அதை நம்பி அம்மா படியின் விளிம்பில் ஒரு காலை வைத்துவிட்டாள். பாய்ந்து பிடித்தேன். அவள் கைப்பிடியை விட்டுவிட்டு என் தோளை இறுக்கிப் பற்றிக்கொண்டாள்.

தூணுக்குள் முழுக்கக் கம்பி. பீரோ நகர்த்த வந்தவர் அதைத் தட்டிப் பார்த்து, "இத்த இன்னா பண்ணுவக்கா? வூடே இதும்மேலதான் நின்னுகினு கீது," என்றார். சிரிக்கத் தெம்பில்லை. அழுதுவிட்டேன்.

சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து, தூண் உண்டாக்கும் பிசகைக் கணக்கில் கழித்துக் கழித்துப் பார்த்தேன். ஞாயிறு சாயங்காலம் ஒருவழியாக நேராகப் போனது. மறுநாள் தண்ணீர் பாட்டிலை அம்மாவின் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, குரோம்பேட்டையில் ரயில் பிடித்தேன்.

மதியம் போன் செய்தேன். "பாத்ரூம் போனியாம்மா?"

"ரெண்டு தடவை போனேன்டி. ஜோரா கூட்டிட்டுப் போச்சு. நீ வேலையைப் பாரு."

குரலில் அத்தனை தெம்பு. வண்டி அசைந்தால் என் போனில் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியாது. காலையிலிருந்து அது நின்ற இடத்திலேயே நின்றது.

மேனேஜரிடம்கூடச் சொல்லாமல் ஓடிவந்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. பாட்டிலில் நான் நிரப்பிய தண்ணீர் அப்படியே இருந்தது.

"ஏம்மா குடிக்கல?"

"குடிச்சாத்தானே போகணும்," என்றாள். "இப்படியே பழகிக்கறேன்டி. நீ வேலைக்குப் போ."