புகையடுப்பும் பிரிக்காத துண்டும்

போன வருடம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒஸ்லோவில் புருசெத்திலுள்ள எங்கள் வரிசை வீட்டின் பின்முற்றத்தில் நடந்தது இது. அன்று அக்காவின் மகனுக்கு முதல்நன்மை, தேவாலயத்தில் முதன்முறை நற்கருணை வாங்கும் நாள். பூசை முடிந்து நாற்பது பேர் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். வழமையாகச் சாப்பாட்டுக்குக் கடையில் சொல்லிவிடுவோம். இந்த முறை நான்தான் குறுக்கே விழுந்து, கடை வேண்டாம், என் புதுப் புகையடுப்பில் பன்றி இறைச்சி வாட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்தப் புகையடுப்பின் படம் நானே வரைந்தது. பொறியியல் படித்துவிட்டு நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால் இருப்பவளுக்கு, கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்ற அரிப்பு. ஸ்ட்ரோம்மன் பக்கம் வெல்டிங் வேலை செய்யும் மன்னார்க்காரர் ஒருவர், பழைய இரும்புத் தண்ணீர்த் தாங்கியை வெட்டி, பக்கத்தில் விறகு எரிக்க ஒரு பெட்டியும் மேலே புகைக்குழாயும் பொருத்தித் தந்தார். அது வந்து இறங்கிய அன்று அத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உதை ஓட்ட லைசென்ஸ் வேணுமோ?" என்று கேட்டார். அம்மா சிரிக்கவில்லை. "நாலு மணிக்கு இறைச்சி வேகாட்டி, சனத்துக்கு முன்னாலை நீதான் நிண்டு பதில் சொல்ல வேணும்" என்றார்.

அடுப்பு வந்த நாளிலிருந்தே எனக்குப் பக்கத்து வீட்டுப் பெண்மீது ஒரு சந்தேகக் கண். நாற்பது வயதிருக்கும், நோர்வேக்காரர், தச்சுவேலை செய்பவர். மூன்று வருடமாக அயலில் இருந்தும், தலையாட்டுவதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சில்லை. புகை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளோடு நாற்பது பேர் சாப்பிட வருகிறார்கள் என்று அம்மா சொல்லச் சொல்ல ஒரு துண்டுக் கடிதம் எழுதி, அயலவரின் தபால்பெட்டிகளில் போட்டிருந்தேன். அடுத்த நாளே அவர் வேலியோரம் நின்று எங்கள் விறகு அடுக்கைப் போனில் படம் எடுப்பதைக் குசினி யன்னலால் கண்டேன்.

"குடியிருப்புச் சங்கத்துக்கு அனுப்பப் போறா, இருந்து பாருங்கோ" என்றேன்.

"அதுதான் அப்பவே சொன்னனான், உந்த வேலை வேண்டாமெண்டு" என்றார் அம்மா.

சனிக்கிழமை, பூசை ஒத்திகைக்காகக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால், தபால்பெட்டியில் நாலாக மடித்த ஒரு தாள். வெளியே அவருடைய வீட்டு இலக்கம். இங்கே அயலவருக்குக் கோபம் வந்தால் கதவைத் தட்ட மாட்டார்கள், துண்டு எழுதுவார்கள். வாசித்தால் பதில் சொல்ல வேண்டும். வாசிக்காவிட்டால் ஞாயிறு கழியும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது. காற்சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். அதைக் கெட்டித்தனம் என்று நினைத்ததுதான் இன்றைக்கும் வெட்கம்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கே நல்ல வெளிச்சம். விறகெடுக்கப் போனால், அடுக்கில் பாதியைக் காணவில்லை. கடையில் வாங்கிய இரண்டு பை விறகும் அப்படியே இருந்தன. காணாமல் போனது அப்பா சேர்த்த பலகை. யாரோ கழற்றி எறிந்த பழைய மர வெராந்தாவை, "எரியிறதெல்லாம் விறகுதானே" என்று கொண்டுவந்திருந்தார். கோடரியால் பிளந்து அடுக்கியது நான். அத்தனை காய்ந்த பலகையை நம்பித்தான் பத்து மணித்தியாலக் கணக்கே போட்டிருந்தேன். அடுப்படியில் முதல்நாள் எடுத்து வைத்த ஒரே ஒரு துண்டு மட்டும் மிச்சம். போதாததற்கு, வேலியோரம் எங்கள் பக்கத்தில் தார்ப்பாயால் மூடிய ஏதோ ஒரு குவியல். எங்கள் விறகையும் எடுத்துக்கொண்டு, தன் குப்பையையும் இங்கே தள்ளியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

ஞாயிறு என்பதால் கடைகள் பூட்டு. இருந்த விறகு மத்தியானம்வரைதான் காணும். தீ மூட்டி, இறைச்சியை வைத்து, வெப்பம் நிலைத்ததும் அந்த ஒற்றைப் பலகைத் துண்டை உள்ளே போடக் கையை நீட்டினேன். பிறகு, சாட்சிக்கு உதவும் என்று நிறுத்திக்கொண்டேன். தெருவுக்குப் போய் அவருடைய வான் வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே எங்கள் பலகை. பலகைத் துண்டும் கையுமாகப் போய் மணியை அடித்தேன்.

கம்பளிக் காலுறையோடு, கோப்பிக் கோப்பையோடு வந்தார். எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மரியாதைச் சொற்கள் அத்தனையையும் போட்டு, கள்ளி என்பதைச் சொல்லி முடித்தேன். அவர் கோபிக்கவில்லை. என் கையிலிருந்த பலகைத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எழுதினதை நீ வாசிக்கவில்லை" என்றார். கேள்வியாகக்கூட அல்ல.

துண்டை வாங்கி, பிளந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஓரமெல்லாம் மங்கிய பச்சை. மழையில் உக்காமல் இருக்க மருந்து ஏற்றிய பலகையாம். பழையவற்றில் ஆர்சனிக்கும் இருக்குமாம். எரித்தால் அந்த நஞ்சு புகையோடு போய் இறைச்சியில் படியும் என்றார். அடுப்புக்கு நேரே நீண்ட என் கை நினைவுக்கு வந்தது. முதல் தட்டு அக்காவின் மகனுக்குத்தான் போயிருக்கும்.

அதே காற்சட்டைதான். தாளை எடுத்து அவர் வாசலிலேயே விரித்தேன். பிள்ளைகள் சாப்பிட வருவதாக நீங்கள் எழுதியதால்தான் விறகைக் கவனித்தேன், படமெடுத்து வேலையிடத்தில் காட்டி உறுதிப்படுத்தினேன், இரண்டு தரம் மணியடித்தும் நீங்கள் இல்லை, பலகையைத் திங்களன்று நஞ்சுக் கழிவோடு ஒப்படைக்கிறேன், பதிலுக்கு ஆல்டர் விறகு தார்ப்பாயின் கீழ் இருக்கிறது, மீனுக்குப் புகை போட நாங்கள் எரிப்பது அதுதான் என்று எழுதியிருந்தார். எங்கள் துண்டை அவர் வரிவரியாக வாசித்திருக்கிறார்.

மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பதிலாக, தேவாலயத்துக்குப் போகும்போது நெருப்பை யார் பார்ப்பது என்று கேட்டார். நான் பூசைக்குப் போவதாக இல்லை, அதில் அக்காவுக்கு என்மேல் கோபம் என்றேன். "நீ போ. நான் பார்க்கிறேன்" என்றார்.

போனேன். ஆனால் சந்தேகம் அவ்வளவு லேசில் விடுமா? மூடியைத் திறந்து திறந்து பார்ப்பாரோ, ஊரிலில்லாத விறகையெல்லாம் திணிப்பாரோ என்று பூசை முழுக்க அந்தரப்பட்டேன். பிள்ளை நன்மை வாங்கிய அந்த ஒரு நிமிடம்தான் அடுப்பை மறந்தேன்.

திரும்பி வந்தபோது, அடுப்பின் கைபிடியில் ஒரு தாள் செருகியிருந்தது. கால் மணிக்கு ஒருதரம் பார்த்த வெப்பத்தைத் தச்சுப் பென்சிலால் எழுதியிருந்தார். கடைசி வரி: "மூடியைத் திறக்கவில்லை."

இறைச்சி வேக நாலரை ஆனது. அதுவரை அம்மாதான் சனத்துக்குத் தேத்தண்ணி கொடுத்துச் சமாளித்தார். மூன்றாம் முறை தட்டை நீட்டிய அத்தான், "லைசென்ஸ் தரலாம் போலை" என்றார். அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் போய், பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தானே கூட்டிவந்து, தன் கையால் பரிமாறினார்.

இன்றைக்கும் பெட்டியில் மடித்த தாளொன்றைக் கண்டால் முறைப்பாடு என்றுதான் என் மனம் முதலில் சொல்கிறது. அந்த மனதை நம்ப முடியாதென்று தெரிந்துகொண்டதால், நின்ற இடத்திலேயே பிரித்து வாசித்துவிடுகிறேன்.