பாதுகாப்பு அதிகாரியின் பேய்ப்படம்

“வைஜயந்தி ரமேஷ், பாதுகாப்பு அதிகாரி. நெருக்கடியில் நிதானம் இழக்காதவர். பிறரையும் பதற விடாதவர்.” புனேவை ஒட்டிய சிஞ்ச்வடில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் வாசலில், ஹெல்மெட் போட்ட புகைப்படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறது. எழுதியவர் அவளோடு உட்கார்ந்து ஒரு பேய்ப்படம்கூடப் பார்த்ததில்லை.

அதிலும் அவளுக்குப் பிடித்தது ஒரே ரகம். நாலு பேர் காட்டுக்குப் போனார்கள், திரும்பவில்லை, அவர்களுடைய கேமரா மட்டும் கிடைத்தது என்று ஆரம்பிக்கும். அப்புறம் ஒன்றரை மணி நேரம் ஆட்டம், இருட்டு, மூச்சிரைப்பு. தொழிற்சாலைகளுக்கு விடுமுறையான வியாழக்கிழமை மத்தியானம், திரைச்சீலையை இழுத்துவிட்டு, தலையணைக்குப் பின்னாலிருந்து பார்ப்பாள்.

“பேயையே காட்ட மாட்டேங்கறான், இதுக்கா இந்தக் கத்து கத்தறே?” என்பார் பக்கத்து ஆகுர்டியில் வேலை பார்க்கும் கணவர் ரமேஷ்.

“காட்டிட்டா பயம் போயிடுமே. நம்ம அபார்ட்மென்ட் சொசைட்டி செக்ரட்டரியை தினம் பாக்கறோம், பயப்படறோமா?”

தொழிற்சாலையிலோ யாருக்கும் எதற்கும் பயமில்லை. போன முறை தீ விபத்து ஒத்திகையில், சைரன் ஒலித்து ஒன்பது நிமிடம் கழித்துத்தான் கடைசி ஆள் மைதானத்துக்கு வந்தார், கையில் பாதி வடாபாவோடு. இந்த முறையும் நாலு நிமிடத்தைத் தாண்டினால் அவளை ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிடுவதாக மேலாளர் ஜம்புநாதன் சொல்லிவிட்டார். மிச்ச சர்வீஸ் முழுக்க நட்டும் போல்ட்டும்தான்.

கம்பெனியிடம் பாதுகாப்புப் படம் ஒன்று உண்டு. இசை, சிரித்த முகங்கள், ஆடாத கேமரா. பதினோரு வருடமாக அதைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். இவ்வளவு அழகாக எடுத்தால் எவன் நம்புவான்? ஒரு வியாழக்கிழமை வைஜயந்தி செல்போனைப் பிடித்துக்கொண்டு தொழிற்சாலையின் ஆளில்லாத பெயின்ட் ஷாப்பில் ஓடினாள். மூச்சிரைத்தாள். “கோன் ஹை?”, யாரது, என்று இயந்திரங்களைக் கேட்டாள். கடைசியில் போனைக் கீழே போட்டாள். திரையில் சாய்வாக ஒற்றை பூட்ஸ். அதன்மேல் சைரன் ஒலியைச் சேர்த்தாள்.

ஒத்திகை நாளன்று சாப்பாட்டு நேரத்தில், ஷிப்டின் நூற்றெண்பது பேருக்கும் கேன்டீனில் படம் ஓடியது. ஒருவரும் சப்பாத்தியைத் தொடவில்லை. பூட்ஸ் வந்தது. சைரன் ஊளையிட்டது. அது படத்திலா, வெளியிலா என்று ஆராய யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

மாடியில், ஒத்திகையை மதிப்பிட வந்து இரண்டு மணிக்காக சைரன் பொத்தானருகே காத்திருந்த ஆடிட்டர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். மணி ஒன்று ஐம்பத்தெட்டு. மைதானம் நிரம்பி வழிந்தது.

“நான் இன்னும் அழுத்தவே இல்லையே!”

“எங்க ஆளுங்க அப்படித்தான் சார். சைரனுக்கெல்லாம் காத்திருக்க மாட்டாங்க,” என்று பக்கத்திலிருந்த ஜம்புநாதன் இந்தியில் சமாளித்தார்.

விதி விதிதான். இரண்டு மணிக்கு ஆடிட்டர் பொத்தானை அழுத்தினார். கட்டடத்தில் மிச்சமிருந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே. மேலாளருக்கே வழி தெரியவில்லை. பெயின்ட் ஷாப்பை இரண்டு முறை சுற்றி, மூன்றரை நிமிடத்தில் வெளியே வந்தார்கள். ஆடிட்டர் மூச்சு வாங்க ‘தேர்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“எப்படிம்மா சாதிச்சீங்க?” என்றார் ஜம்புநாதன்.

“சார், யாராவது உள்ளே போய் அந்தப் படத்தை நிறுத்துங்க. நான் போக மாட்டேன்.”

வைஜயந்தி அன்று தானே எடுத்த படத்துக்குத் தானே பயந்து, நூற்றெண்பது பேருக்கும் முன்னால் ஓடினாள்.