கதவில் இருக்கும் ஊர்

"லெஃப்டா? யாரு லெஃப்டு? ஒன் லெஃப்டா, எதுர்ல வர்றவன் லெஃப்டா?" என்று ஸ்கூட்டரை ஓரங்கட்டி நிறுத்திவிடுகிறார் கவுசர் டீச்சர். பின்னால் உட்கார்ந்திருக்கும் ஏழு வயது மகள் சுபியா நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். காலை வெயில் எந்தக் கன்னத்தில் படுகிறது என்று பார்த்துவிட்டு, "வடக்கால திரும்பு அம்மீ" என்கிறாள். வண்டி நகர்கிறது. தினமும் வீட்டிலிருந்து பள்ளிவரை வழி சொல்வது சுபியாவின் பொறுப்பு. தப்பாகச் சொன்னால் தப்பான தெருவுக்கே போவார்கள். திருத்தணி மலையடிவாரத்தில் இவர்கள் இரண்டு பேரும் நுழையாத முட்டுச்சந்து இல்லை.

இந்தப் பழக்கத்திலிருந்து கணவர் தப்ரேஸும் தப்பவில்லை. அரக்கோணம் ரோட்டில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். "கல்யாணம் ஆன புதுசுல சாவி எங்கன்னு கேட்டா, பீரோவுக்குத் தெக்கால மாட்டிக்கீதுன்னுவா. வாசலுக்குப் போய் சூரியனைப் பாத்துட்டு வந்துதான் எடுப்பேங்க" என்று சிரிக்கிறார்.

வீடு கழுவிவிடும் நாளில் மகளுக்கு ஆற்றுப் பாடம். ஒரு குடம் தண்ணீரைக் கூடத்தில் ஊற்றிவிட்டு, "எங்க போவுது பாரு. ஏன் அங்க போவுது?" என்று கேட்டுவிட்டுத் துடைப்பத்தோடு நின்றுகொள்வார். பதில் வரும்வரை யாரும் கூடத்தைக் கடக்கக் கூடாது.

ஊருக்கு வெளியே உள்ள தொடக்கப்பள்ளி ஒன்றில் நான்காம் ஐந்தாம் வகுப்புகள் அவர் கையில். வகுப்புச் சுவரில் திருவள்ளூர் மாவட்ட வரைபடம் ஆளுயரத்துக்கு இருக்கிறது. கடையில் மிஞ்சிய பெயின்ட்டைக் கொண்டுவந்து கணவனும் மனைவியுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைந்தது. கிழக்கே கடல் நீலம், மேற்கே குன்றுகள் பழுப்பு. புதிதாகச் சேரும் பிள்ளை முதலில் தன் சொந்த ஊரில் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். அதன் பிறகுதான் பாடம். அம்மையார்குப்பத்தில் ஒரு புள்ளி, ஆர்.கே.பேட்டையில் நாலைந்து, பள்ளிப்பட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு கொத்து. "தான் எங்க நிக்கிறோம்னு தெரியாத புள்ளைக்கு இமயமலைய வெச்சி இன்னா பண்றது?" என்பது அவர் கட்சி.

போன ஆடியில் லிகிதா வந்து சேர்ந்தாள். அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர், சித்தூர்ப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். பெண்ணுக்குத் தமிழ் புரியும், பேச வராது. பிரஷைக் கையில் வாங்கிக்கொண்டு வரைபடத்தின் முன்னால் நின்றாள். மேலே தேடினாள், கீழே தேடினாள். முன்வரிசையிலிருந்து எழிலன், "டீச்சர், அந்தப் பொண்ணு ஊரு செவுத்துலயே இல்ல! ஆந்திரா டீச்சர்!" என்று கத்தினான். வகுப்பே சிரித்தது. கவுசர் டீச்சர் எழிலனை அதட்டினார். லிகிதாவிடம், "சரி, இப்ப இருக்கிற ஊர்லயே வெச்சிடு" என்றார். அவள் பிரஷை மேசைமேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சாயங்காலம் டீச்சர் வீடு தேடிப் போனார். தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அப்பா சொன்னார்: "இஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னு அழுதுகினு கீதுங்க மேடம். ஊர்ல எங்க அக்கா வூட்லயே வுட்டுடலாம்னு பாக்கறேன். ஞாயித்துக்கெழம கூட்டிகினு போறேன்."

லிகிதா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். டீச்சர் குனிந்து என்ன கோபம் என்று கேட்டார். "மா ஊரு லேதண்ட" என்றாள். எங்கள் ஊர் இல்லையாம்.

அந்த 'இல்லையாம்' தன்னைச் சுட்டது என்கிறார் கவுசர் டீச்சர். "இல்லன்னு சொன்னது எழிலன். ஆனா இருக்குதுன்னு நான் சொல்லலியே."

அங்கேயே அவளிடம் தெலுங்கில் சொன்னார்: "உந்தி. ரேபு ரா, சூபிஸ்தா." இருக்கிறது. நாளைக்கு வா, காட்டுகிறேன்.

மறுநாள் அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு எவ்வளவு தூரமோ, அங்கிருந்து மேற்கே தங்கள் ஊரும் அவ்வளவு தூரம் என்றார் அப்பா. டீச்சர் ஒரு நூலை எடுத்தார். திருத்தணிக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவே பிடித்து அளவு பார்த்துக்கொண்டு, அதே அளவில் பள்ளிப்பட்டிலிருந்து மேற்கே நகர்த்தினார். பழுப்புக் குன்றுகள் முடிந்தன. மாவட்டக் கோடு முடிந்தது. வெள்ளைச் சுவர் கொஞ்ச தூரம், அதுவும் முடிந்து வாசல் நிலை வந்தது. நூல் போய் நின்ற இடம் வகுப்பறைக் கதவு. திறந்திருந்த கதவைச் சாத்தினார். லிகிதாவின் அப்பா, "ஆங், அங்கதான் மேடம். சித்தூருக்கு இந்தாண்ட" என்றார். டீச்சர் லிகிதாவிடம் பிரஷைக் கொடுத்தார்.

தலைமையாசிரியர் வரதராஜன் எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார். "கதவுலயா பெயின்ட் அடிக்கிறீங்க? ஆபீசர் வந்தா நான் இன்னாம்மா சொல்றது?"

"ஊரு அங்கதானே சார் இருக்குது. தள்ளி வைக்க முடியுங்களா?"

அதற்குள் லிகிதா எம்பிப் புள்ளி வைத்துவிட்டாள். பக்கத்தில் தன் எழுத்திலேயே ஊர்ப் பெயரும் எழுதினாள்: சிந்தகுண்டா. தெலுங்கில். அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து கனிமொழி, "எங்கம்மா ஊரு நகரி டீச்சர், அதுவும் இங்க இல்ல" என்றாள். எழிலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "எங்க பாவா ஊரு புத்தூரு" என்றான். பாவா என்றால் அக்கா கணவர். நகரி வரைபடத்துக்கு மேலே வெறும் சுவரில் விழுந்தது. புத்தூருக்காக எழிலன் பெஞ்சின்மேல் ஏற வேண்டியிருந்தது. அவன் சறுக்காமல் இருக்க பெஞ்சைப் பிடித்துக்கொண்டவர்களில் லிகிதாவும் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கும் போகவில்லை.

இப்போது அந்த வகுப்பில் பூகோளப் பாடம் என்றால் முதல் வேலை கதவைச் சாத்துவது. "காத்தே வரல, தெறந்து வைங்கம்மா" என்று வரதராஜன் வராந்தாவிலிருந்து சொல்வார். "மேற்கு இல்லாம எப்பிடி சார் பாடம் எடுக்கிறது?" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

நான் அந்த வகுப்பைப் பார்க்கப் போயிருந்த அன்று, பிள்ளைகள் தொட்டுத் தொட்டு சிந்தகுண்டாவின் புள்ளி வெளிறிப் போயிருந்தது. டீச்சர் பிரஷைச் சிவப்பில் தோய்த்துப் புதிதாக வைத்தார். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை, காற்றடித்தால் திறந்துகொள்ளும். பெயின்ட் காயும்வரை ஒரு கையால் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் புத்தகத்தைப் பிரித்து, அடுத்த பாடத்தைத் தொடங்கினார்.