காந்தக்கா

சட்டையை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி மேசையில் விரிக்கிறாள். காலர் முனையிலிருந்து காந்தத்தை மெல்ல இழுத்துக்கொண்டு வருகிறாள். கை மடிப்பில் சற்று நிற்கிறாள். பிறகு பொத்தான் பட்டி, பக்கத் தையல், கீழ் ஓரம். எங்கும் 'டக்' என்ற சத்தம் இல்லை. அப்படியானால் உள்ளே குண்டூசி இல்லை. காந்தத்தை விட்டுவிட்டுச் சட்டையைக் கன்னத்தில் வைத்து அழுத்துகிறாள். நெற்றி, மூக்கு, மோவாய் என்று முகம் முழுக்கத் தேய்க்கிறாள். குத்தவில்லை. மடிக்கிறாள். மடித்த கையோடு பிரிக்கிறாள். மறுபடி காலர் முனை.

துணி வெட்டும் மேசையிலிருந்து நாத்தனாரின் குரல் வருகிறது. "அண்ணி, அந்தச் சட்டையை இன்னும் யாரும் போடவே இல்ல, அதுக்குள்ள நைஞ்சு போச்சு. பழைய சட்டைன்னே சொல்லிக் குடுத்துடலாமா?"

"இதோ, கடைசி தடவை."

"நேத்தும் இதேதான் கடைசி தடவை."

குழந்தைகளின் உடைகளும் பள்ளிச் சீருடைகளும் தைக்கும் கடை அது. நாத்தனார் வெட்டுவாள், இவள் தைப்பாள். தையற்கடைகளில் தரையில் சிந்திய ஊசிகளைப் பொறுக்க ஒரு காந்தம் கிடப்பது வழக்கம். இவள் கடைக் காந்தம் மட்டும் தரைக்கு இறங்குவதே இல்லை. ரிப்பனில் கோத்து அதைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். அளவு கொடுக்க வந்த ஒரு சிறுமி அதைப் பார்த்து "காந்தக்கா" என்று கூப்பிட, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. போனை எடுத்தால் அவளே "காந்தக்கா பேசறேன்" என்பாள்.

அளவு எடுக்கும்போது ஒவ்வொரு குழந்தையிடமும் குனிந்து காதோடு ஒரு கேள்வி கேட்பாள்: "ரகசியப் பை எந்தப் பக்கம் வேணும்?" சீருடையின் உட்புறம், ஒரு மிட்டாய் மட்டும் கொள்ளும் அளவில், டீச்சர் கண்ணுக்குத் தெரியாத பை ஒன்று வைத்துத் தருவாள். பெற்றோர் கேட்டால், "அது லைனிங்" என்று முகம் மாறாமல் சொல்லிவிடுவாள். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு பேசும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. டீயை வாசலில் நின்றுதான் குடிப்பாள். துணிமேல் ஒரு சொட்டு விழுந்துவிடக் கூடாது.

எல்லாம் ஆரம்பித்தது ஒரு சின்ன விஷயத்தில். ஒரு கவுனின் கழுத்தில் அவளுடைய குண்டூசி ஒன்று தங்கிப் போனது. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதன் அம்மா சிரித்துக்கொண்டே ஊசியைக் கொண்டுவந்து, "உங்க சொத்து, பத்திரமா வெச்சுக்கோங்க" என்று கொடுத்தாள். இவளும் கூடவே சிரித்தாள். அன்று மாலை தைத்து முடித்தவற்றை எல்லாம் இன்னொரு தரம் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். பிறகு அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கொடுத்து அனுப்பிய உடைகளைத் தேடி வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். "ஒரு தையல் விட்டுப் போச்சு, கொஞ்சம் குடுங்க" என்று பொய் சொல்லி வாங்கி, அந்த வீட்டு நடையிலேயே நின்று காந்தத்தை ஓட்டுவாள். பள்ளி திறந்த பிறகும் சீருடைகள் கடையிலேயே கிடந்தன. வாடிக்கை ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது.

இதையெல்லாம்கூட அவள் தாங்கிக்கொண்டாள். மகள் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று தெரிந்த வாரமே ஆசையாக ஒரு மஞ்சள் துணி எடுத்து வைத்திருந்தாள். குழந்தை பிறந்து, தலை நின்று, குப்புற விழவும் பழகிவிட்டது. மஞ்சள் துணி இன்னும் அலமாரியிலேயே இருந்தது. குழந்தையின் உடைகள் எல்லாம் கடையில் வாங்கியவை.

"ஊர்ல இருக்கற எல்லாப் பிள்ளைக்கும் தைக்கற. என் பிள்ளைக்கு மட்டும் வாங்கிட்டு வர்ற. ஏம்மா, இவ உனக்கு வேண்டாதவளா?"

வேண்டாதவளாக இருந்திருந்தால் என்றைக்கோ தைத்திருப்பாள். இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரமே நாத்தனார் அவளைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே அதற்கு எண்ணச் சுழற்சி நோய் என்று பெயர் சொன்னார்கள். எந்த மனப்பயிற்சி யாருக்குப் பிடிபடுகிறது என்று அப்போது சோதித்துக்கொண்டிருந்தார்கள், அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆலோசகர் இளம் பெண். அவளுடைய சட்டைக் கையில் ஒரு பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் காந்தக்காவின் காதில் எதுவும் ஏறவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல், "கண்ணு, அந்தப் பொத்தானை முதல்ல தைச்சுக் குடுத்துடறேன், அப்புறம் பேசலாம்" என்றாள். தைத்தும் கொடுத்தாள். பிறகு காந்தத்தை எடுத்து அந்தச் சட்டைக் கையை ஒரு தடவை வருடினாள். ஆலோசகர் தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் ஆலோசகர் காகிதத்தில் வட்டம் போட்டு, "ஒரு ஊசி தங்கிப் போச்சுன்னு வெச்சுக்கோங்க. அந்தத் தப்புல யார் யாருக்கு எவ்வளவு பங்கு?" என்று கேட்டாள். காந்தக்கா வட்டம் முழுவதையும் தனக்கே எடுத்துக்கொண்டாள். "உங்களைக் கடைசியா வைங்க" என்றதும் யோசித்தாள். பொத்தானுக்குக் காஜா எடுப்பவள், இஸ்திரி போடுபவர், மடித்துப் பையில் போடும் நாத்தனார், உடுத்துமுன் உதறிப் பார்க்கும் அம்மா. பங்கு வைத்து முடித்தபோது அவளுக்கு ஒரு சின்னத் துண்டுதான் மிஞ்சியது. "எங்க நாத்தனாருக்கு இன்னும் கொஞ்சம் குடுக்கலாமா?" என்றாள்.

இன்னொரு நாள், நினைப்பதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது என்று காட்ட, ஆலோசகர் தன் நாற்காலியைத் தட்டினாள். "இதோட கால் உடையணும்னு நல்லா நினைங்க." காந்தக்கா தீர்மானமாகத் தலையாட்டி மறுத்தாள். "நீ உக்காந்திருக்கும்போது எப்படிம்மா நினைப்பேன்?" பேரம் பேசி, மூலையில் கிடந்த காலி நாற்காலியை அப்படி நினைக்கச் சம்மதித்தாள். அதன் கால் உடையவில்லை. இருந்தும் போகும்போது அதை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

பிடிபட்டது மூன்றாவது சோதனை. இரண்டு சட்டைகள். ஒன்றை மனம் ஆறும் வரை சோதிக்கலாம். மற்றதை ஒரே தடவை. இரண்டையும் ஆலோசகர் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அடுத்த வாரம், "எதுல ஊசி இல்லன்னு உங்களுக்கு நிச்சயம்?" என்று கேட்டாள். ஒரே தடவை பார்த்த சட்டை அவளுக்குத் துல்லியமாக நினைவிருந்தது. காலரில் நீலச் சாக்கட்டிக் கோடு ஒன்று இருந்தது, அதைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டிருந்தாள். மற்றதைப் பற்றிப் பேச வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"எல்லாத் தடவையும் ஒண்ணாக் கலந்து கிடக்கு கண்ணு. பார்த்தேனா, பார்க்கணும்னு நினைச்சேனா, அதுவே தெரியல."

அன்று கடைக்கு வந்ததும் காந்தத்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவள் ஒரு காரியம் செய்தாள். பயம் வரும்போது சொல்லிக்கொள்ள ஆலோசகர் ஒரு வாக்கியம் கொடுத்திருந்தாள்: "இது பயம் சொல்றது, சட்டை சொல்றது இல்ல." காந்தக்கா அதை ஒவ்வொரு தையலின் தொடக்கத்திலும் சொன்னாள். நடுவில் நாக்குப் பிசகினால் தையலைப் பிரித்துவிட்டு, சொல்லிக்கொண்டே முதலிலிருந்து தைத்தாள். அவள் முணுமுணுப்பு தடைப்பட்டால் மெஷினும் நின்றுவிடும். கடையில் வேலை முன்னைவிட மெதுவாக நகர்ந்தது.

நாத்தனார் கத்தரியைக் கீழே வைத்தாள். "என்ன அண்ணி, காந்தத்தை விட்டுட்டு மந்திரத்தைப் பிடிச்சுக்கிட்டீங்களா?"

"அவதான் சொல்லச் சொன்னா!"

"தையலைப் பிரிக்கவும் அவதான் சொன்னாளா?"

காந்தக்கா ஆலோசகரிடம் இதைப் பெருமையாகவே சொன்னாள். காந்தத்தைத் தொடவே இல்லை அல்லவா? ஆலோசகர் முதலில் சிரித்தாள், பிறகு நெற்றியைத் தடவிக்கொண்டாள். "தப்பு என் மேலதான். இனிமே அந்த வாக்கியமும் வேண்டாம்."

"அப்புறம் என்ன சொல்லிக்கறது?"

"ஒண்ணும் சொல்லிக்காதீங்க. ஊசி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த சந்தேகம் பாட்டுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கட்டும். நீங்க அடுத்த வேலையைப் பாருங்க."

"கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கற மாதிரி இருக்குமே, கண்ணு."

"ஆமா, அப்படித்தான் இருக்கும்."

இந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்பாத முதல் ஆள் இவள்தான் என்று நாத்தனாரிடம் சொன்னாள்.

பொல்லாத வாரங்கள் அவை. ஒரே தடவை பார்த்து, மடித்து, கொடுத்து அனுப்பினாள். உடையை வாங்கிக்கொண்டு போகிறவர்களின் முதுகைத் தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நிற்பாள். செருப்பைக் காலில் மாட்டுவாள், கழற்றுவாள். பல நாள் பின்னால் போகவில்லை. சில நாள் போகவும் செய்தாள். காந்தம் தரைக்கு இறங்கியது. நாத்தனார் அதைக் கயிற்றில் கட்டி ஊசி பொறுக்கினாள்.

மகள் குழந்தையோடு கணவன் ஊருக்குத் திரும்ப நாள் பார்த்தபோது, காந்தக்கா அலமாரியைத் திறந்து மஞ்சள் துணியை எடுத்தாள். நாத்தனார் வெட்டிக் கொடுத்தாள். தைத்து முடித்து ஒரு தடவை பார்த்தாள், கண்ணால் மட்டும். கன்னம் வரை போன சட்டையை நடுவழியில் இறக்கிக் காகிதத்தில் சுற்றினாள்.

மகள் காகிதத்தைப் பிரித்து, அங்கேயே, கடை மேசைமேல் குழந்தையைக் கிடத்திச் சட்டையை மாட்டப் போனாள். உட்புறம் தடவிப் பார்த்துச் சிரித்தாள். "இவளுக்குமா ரகசியப் பை?" தலை சட்டைக் கழுத்து வழியே வெளியே வந்ததும் குழந்தை வீறிட்டது.

"சட்டை மாட்டினா எப்பவும் அழுவாம்மா" என்றாள் மகள், அவசரமாக.

காந்தக்காவின் கை நெஞ்சுக்குப் போனது. அங்கே ரிப்பன் இல்லை. கை அங்கேயே நின்றது. குழந்தை அழுதது. தோளில் ஒரே ஒரு பொத்தான் போடாமல் கிடந்தது. காந்தக்கா கையை இறக்கி, மகளை மெல்ல விலக்கி, குனிந்து, அழுகிற குழந்தையின் தோளில் அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.