ஓர் அடிகூட வாங்காத வர்கா

எங்கள் நிலக்கரிச் சுரங்க ஊரிலிருந்து பெரிய பேஸ்பால் அணிக்குப் போனவன் மிக்லோஷ் வர்கா ஒருவன்தான். எத்தனை ஆட்டம் ஆடினான் என்று கேட்பது இங்கே மரியாதை இல்லை. ஒன்று.

அவன் பந்து எறிபவன். ஆயுதம் எச்சில். எச்சில் தடவிய பந்து நேராக வந்து, மட்டையருகே சட்டென்று இறங்கிவிடும். 1911இல் அது குற்றமில்லை, திறமை.

"இன்னிக்கு ஜெயிச்சா அணியில இருப்ப. தோத்தா சாயங்கால ரயில்," என்றார் மேனேஜர் கிரிம்ஸ்.

"ரயிலுக்கு வேற ஆளப் பாருங்க," என்றான் வர்கா.

கடைசிச் சுற்றுவரை எதிரணி அவன் பந்தை ஒருமுறைகூட ஒழுங்காக அடிக்கவில்லை. நம்மவர்கள் ஓர் ஓட்டம் முன்னே. இரு அணிக்கும் ஒரே பந்துதான். ஆகவே எதிரணி அதில் மூட்டுவலிக்கான மிளகாய்த் தைலத்தை அன்போடு தடவி அனுப்பியது. எச்சில்காரர்களுக்கு வழக்கமான வைத்தியம். வேறு எவனும் நாக்கு பட்டதுமே அலறிப் பந்தைக் கழுவச் சொல்லியிருப்பான். வர்கா, மிளகாய்த்தூள் இல்லாமல் சூப்பைத் தொடாத ஹங்கேரி வீட்டுப் பிள்ளை. விரலை நிதானமாக நக்கினான்.

"உப்புதான் கம்மி," என்றான் எதிரணியைப் பார்த்து. அதே விரலால் கண்ணில் வழிந்த வியர்வையைத் துடைத்தான்.

நாக்குக்கு இருந்த பழக்கம் கண்ணுக்கு இல்லை.

பந்து பிடிக்கும் டூலன் ஓடிவந்தான். "என்னடா, அழறியா?"

"நான் ஏன் அழணும்? நீ எங்க நிக்கற?"

"உன் மூக்குக்கு முன்னாடி. மேனேஜர்கிட்ட சொல்லட்டா?"

"சொன்னா அடுத்த பந்து உன் பல்லுக்கு. அதுக்குக் கண்ணு வேணாம். போய் உக்காந்து குரல் கொடு, குரலப் பாத்து எறியறேன்."

எறிந்தான். முதல் ஆட்டக்காரன் பயத்தில் கண்டபடி மட்டையை வீசி வெளியேறினான். எதிரணித் தலைவன் விவரமானவன். "மட்டையத் தோள்லயே வெச்சுக்கங்கடா, அவனே அனுப்பிவைப்பான்," என்றான். தவறான பந்து நான்கு விழுந்தால் ஆட்டக்காரன் முதல் தளத்துக்குச் சும்மா நடந்து போகலாம்; அங்கே நிற்பவன் அடுத்த தளத்துக்கு நகர்வான். ஐந்து பேர் வரிசையாக உலாவப் போவதுபோல் நடந்தார்கள். முதலில் போன இருவர் பின்னால் வந்தவர்களால் தள்ளப்பட்டே ஒரு சுற்று முடிக்க, எதிரணிக்கு இரண்டு ஓட்டம்; ஆட்டம் தோல்வியில் முடிந்தது. டூலனுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

சாயங்கால ரயிலில் வர்கா ஊர் வந்தான். சாராயக்கடையில் எவனோ சீண்டினான்: "தோத்துட்டியாமே?"

"என் பந்த அடிச்சவன் எவன்? பேரச் சொல்லு."

யாராலும் சொல்ல முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை.

அடுத்த ஞாயிறே எங்கள் சுரங்க அணிக்குப் பந்தெறிய அவன்தான். பந்தை வாங்கியதும் கால்சட்டையில் நன்றாகத் தேய்த்துத் துடைப்பான். ஏன் என்று கேட்டால், புழுதி என்பான்.