பால் விடாத தேத்தண்ணி

என் அண்ணன் மனைவி, அதாவது என் மச்சாள், வாய் திறந்தால் ஊரே கேட்கும். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அதில் எப்போதும் எரிச்சல்தான்.

பிரதேச சபையில் காலநிலைத் திட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்டார்கள். இந்த முறை ஒரு குளத்தைத்தான் தூர்வாரலாமாம். எங்கள் வீட்டு ஒழுங்கையில் இருக்கும் குளமா, மச்சாள் வீட்டு ஒழுங்கையில் இருக்கும் குளமா? குளத்தில் மாரித் தண்ணீர் நின்று ஊறினால்தான் உவராகிவரும் என் கிணறு தப்பும். சொல்ல வேண்டியதை மனதுக்குள் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனால் மைக்கைக் கண்டதும் நா எழவில்லை. மச்சாள் அதை வாங்கிக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

"இவ என்ரை மச்சாள். இவ வீட்டை போனால் வெறும் தேத்தண்ணிதான் தருவா."

எல்லோரும் சிரித்தார்கள். என்னைக் கஞ்சப்பிசினாரி என்கிறாள் என்று கூசிப்போனேன்.

"சிரியாதேங்கோ! உவர்த் தண்ணி, பால் விட்டால் திரையுது. அடுப்படியிலை கண்டனான். வெளியிலை சொல்ல இவவுக்கு வெக்கம். எங்கடை குளம் பொறுக்கட்டும், முதல் அங்கை வெட்டுங்கோ."

கூட்டத்தை நடத்திய சபைத் தவிசாளர் என்னைப் பார்த்தார். "உண்மையோ, அக்கா?"

"ஓம்." அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

எங்கள் குளத்தையே முதலில் எடுத்தார்கள். அவள்மேல் எனக்கு நன்றி இருக்கிறது. ஆனாலும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. என் கவலையைக்கூட என்னைவிட நன்றாக அவளுக்குத்தானே சொல்ல வருகிறது.